எழுப்பும் உரிமை

மாமனார் மவுஸை மேசையில் இப்படியும் அப்படியும் தேய்த்தார். கணினி கண் திறக்கவில்லை.

வாசலில் வாளியோடு நின்ற மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

நல்லவேளை, நேற்று சாயங்காலமே காரியத்தை முடித்துவிட்டாள்.

வீடே குறட்டை விடும் மதிய வேளையில் ஒரு மணி நேரம்தான் அவளுடையது. அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கணினியில் கதை எழுதினாள். மூன்று மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும். எழுதினதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு திரும்ப நாலு ஆகும்.

அதற்குள் கணினி தானாகத் தூங்கியிருக்கும். திரை இருண்டால் கதவைப் பூட்டின மாதிரி என்றுதான் நினைத்திருந்தாள்.

முந்தாநாள் பெருக்கும்போது துடைப்பம் மவுஸின் ஒயரில் பட்டது. அவ்வளவுதான். கணினி விழித்துக்கொண்டு அவள் கதையைத் திரை முழுக்கப் பப்பரப்பே என்று விரித்துவைத்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திரையை அணைத்தாள்.

பின்னே? கதையில் ஒரு மாமனார் வருகிறார். விடிகாலையில் அவர் செருமுவது, கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பழைய லாரி மாதிரி இருக்கிறது என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தாள். யார் கண்ணிலாவது பட்டால் இந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது?

கணினியின் அமைப்புகளுக்குள் புகுந்து தேடினாள். மவுஸ், கீபோர்டு இரண்டுக்குமே 'இந்தக் கருவி கணினியை எழுப்பலாம்' என்று டிக் போட்டிருந்தது. யாரைக் கேட்டுப் போட்டார்களோ! வாங்கும்போதே அப்படித்தான் வருமாம்.

மவுஸின் டிக்கை எடுத்தாள். கீபோர்டை விட்டுவைத்தாள், அவள் எழுப்ப வேண்டுமே. மாமனார் அதன் பக்கம் விரலை நீட்ட மாட்டார். பட்டனைக் கண்டாலே பயம். அவர் ஆடும் சீட்டாட்டத்துக்கு மவுஸே போதும்.

அந்த ஆட்டமும் ஒரு மாதமாக ஒரே இடத்தில் நின்றது. வயசானவர், யோசிக்கிறார் போல என்று விட்டுவிட்டாள்.

ஒரு மாதமாக அந்த லாரிச் சத்தத்தையும் காணோம். டாக்டர் கொடுத்த சிரப் கேட்டிருக்கும் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் எழுத ஒரு விஷயம் குறைந்துபோன வருத்தம்.

இன்று குழாயில் தண்ணீர் சீக்கிரமே நின்றுவிட்டது. மணி மூன்றேகால். நாலு மணி வரை தூங்குகிறவர் எழுந்து வந்து மவுஸைத் தலைகீழாகத் திருப்பி ஊதிக்கொண்டிருக்கிறார்.

"என்ன மாமா, சீட்டு ஆடணுமா? மெஷின் ரிப்பேர் போல."

சுட்டுவிட்ட மாதிரி மவுஸைக் கீழே வைத்தார். மாமியாரின் குறட்டை சீராக வருகிறதா என்று உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கீபோர்டுல கை வெச்சா நீ எழுதினதுல ஏதாவது அழிஞ்சிடுமோன்னுதாம்மா நான் மவுஸோட நிறுத்திக்கிறது. நேத்து கதையில அந்த மருமக பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னாளே... போயிட்டாளா, இருக்காளா? அதை மட்டும் சொல்லிடு."

கேட்டுவிட்டு, தொண்டை வரை வந்த செருமலை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டார்.