அசைக்கக் கூடாத கால்

அறையில் நான்கு பேர்: கருமத்தம்பட்டி விசைத்தறிக்காரர் தம்பிதுரை, மனைவி சாமியாத்தாள், நர்ஸ் கனிஷ்கா, சர்ஜன் உவைஸ். தம்பிதுரை மட்டும் படுத்திருந்தார்.

“தொடை வழியா குழாய் விட்டு அடைப்பு எடுத்த கால். அசையாமப் படுங்கன்னு சொன்னேன். எந்திரிச்சு நின்னு, ரத்தம் கொட்டி, மறுபடி திறந்து ரத்தக்குழாயைத் தைச்சிருக்கோம். இன்னொரு தடவை பிரிஞ்சா காலே போயிடும். எதுக்கு எந்திரிச்சீங்க?”

“பாக்க வந்தவரு கெளம்புனாருங்க. படுத்துட்டே எப்படிங்க அனுப்பறது? வாசல் வரைக்கும் போலாம்னு...”

“யார் அந்த ஆளு?”

“பெரிய மனுசருங்க. உடுங்க.”

“கனிஷ்கா, அந்த ஆளை இனி இங்க நிக்க விடாதம்மா. வெளியே தள்ளிக் கதவைச் சாத்திடு.”

“யாரா இருந்தாலுமா டாக்டர்?”

“யாரா இருந்தாலும்.”

சாமியாத்தாள் பொறுக்கவில்லை. “நீங்கதானுங்க அது. நேத்து இவரைப் பாத்துப்போட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. பின்னாலயே இவரு எந்திரிச்சுப்போட்டாரு.”

உவைஸ் வாசலுக்கு நடந்தார். தம்பிதுரை முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

“இருங்க டாக்டர், வாரேனுங்க.”

கனிஷ்கா டாக்டரை வெளியே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.