தோற்ற பக்கம்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் திவான் கச்சேரி பென்ஷனர் ஆராவமுதன், ஞாயிறுதோறும் இரு ஐரோப்பிய மேதைகளின் அதே பழைய சதுரங்க ஆட்டத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் பலகையில் ஆடி ஆராய்வார். தோற்றவரின் கறுப்புக் காய்களைத் தொடுவது கௌரவக் குறைச்சல். அவற்றை மனைவி பாகீரதிதான் எதிரே உட்கார்ந்து நகர்த்த வேண்டும்.

ஒருமுறை அவள், "ஏன்னா, குதிரையை இங்கே வெச்சா கறுப்பு ஜெயிச்சுடுமோல்லியோ?" என்றாள்.

"மேதைக்குத் தெரியாதது நோக்குத் தெரியுமாக்கும்! புஸ்தகத்துல இருக்கறபடி வை."

அவள் காலமான பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. அவர் வெள்ளையை நகர்த்துவார், கறுப்பும் நகர்ந்திருக்கும். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கும் வழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

ஒரு ஞாயிறு, குதிரை அவள் சொன்ன கட்டத்தில் நின்றது. வெகுநேரம் யோசித்தார். வெள்ளைக்குப் போக்கிடமில்லை.

"நீ சொன்னதுதான் சரி, பாகீரதி" என்று தோல்வியை ஒப்புக்கொண்டு வெள்ளை ராஜாவைச் சாய்த்தார்.

அடுத்த ஞாயிறு வெள்ளையை நகர்த்திவிட்டு, புத்தகத்தை மூடி, எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றும் நேரம்வரை கறுப்பில் ஒரு காயும் அசையவில்லை.