உருளைக்கிழங்குத் தாமரை

கிளேட்டன் புறநகர் வீட்டுக் குசினி மேசையில் 1976 பொங்கல் வாழ்த்து அட்டைகள் காய்கின்றன. ஜனவரிக் கோடை வெக்கையில் நீர்வண்ணம் உடனே இறுகிவிட, வெளிர்நீல வானத்தில் ஈக்கள் நடக்கின்றன. தவமலரின் நகக்கண்ணெல்லாம் நீலம். அட்டைகளில் பதிக்கப் பாதி உருளைக்கிழங்கில் அவள் செதுக்கிய தாமரை அச்சு, பலகையில் கிடக்கிறது. கதவு வழியே முன்னறை தெரிகிறது. சிட்னியிலிருந்து வந்திருக்கும் தம்பையாவுக்கு அவள் கணவன் குலசிங்கம் காய்ந்த அட்டைகளைக் காட்டுகிறான். ஒவ்வோர் அட்டைக்கும் பெருவிரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறான். எச்சில் பட்ட இடத்தில் அவளுடைய வானம் கரைந்து திட்டாகிறது. “கையாலை வெட்டின அச்சோ?” என்கிறார் தம்பையா. “ஓம் அண்ணை, நான்தான். வேலையாலை வந்து ஆறுதலா இருந்து வெட்டுறனான்.” சொல்லிவிட்டு விரலை மறுபடி நக்குகிறான். அடுப்பில் கறி கொதிக்கிறது. தவமலர் தாமரையின் நீல முகத்தைச் சீவி எறிகிறாள்; மிச்சக் கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கிச் சட்டிக்குள் போடுகிறாள். “தவம், அந்த அச்சை ஒருக்காக் கொண்டு வாரும், அண்ணைக்குப் பதிச்சுக் காட்டுவம்.” அவள் முன்னறைக்கு வந்து, புதுக் கிழங்கொன்றையும் கத்தியையும் அவன் மடியில் வைக்கிறாள். “அது கறிக்குள்ளை வேகுது. அண்ணை பாக்க இன்னொண்டு வெட்டுங்கோ.”