புகை காட்டுதல்

இளந்திரையன் தன் கல்யாணத்திலேயே கற்பூரத் தட்டைத் தொட மறுத்த கறுப்புச் சட்டைக்காரர். அவருடைய பழைய கார் ஒரு வாரமாக, சிக்னலில் நின்றதும் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறி அணைந்துபோனது. எஞ்சினுக்குள் எங்கோ காற்று களவாகப் புகுகிறது, புகையைக் காட்டினால் ஓட்டை அதை உள்ளே இழுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார் மெக்கானிக். மாலையில் மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டத்துக்கு அந்தக் காரில்தான் போயாக வேண்டும். வீட்டில் புகைக்கென்று இருந்தது மனைவி கோமளவல்லியின் பூஜை அலமாரியில் இருந்த ஊதுபத்திதான். ஒன்றை உருவினார்.

தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, பானெட்டைத் திறந்து, நடுங்கும் எஞ்சினைச் சுற்றி ஊதுபத்தியை மெல்லக் காட்டினார். வாசலில் கோமளவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், ஓட்டை தேடுறேன்டி. புகையை உள்ள இழுக்குதான்னு பாக்குறேன்."

"இழுத்துக்கிச்சுன்னா ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம்ங்க" என்றாள் அவள், கண்கலங்கி.

ஒரு ரப்பர் குழாயின் விரிசலில் புகை சட்டென்று வளைந்து உள்ளே போனது. சைக்கிள் டியூபைக் கிழித்து அதில் இறுக்கிச் சுற்றினார். உதறல் பாதி அடங்கியது. பாதிதான். இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. கையிலிருந்த பத்தியோ எரிந்து தீர்ந்துவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றிருந்தார்கள்.

இளந்திரையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோமளா, இன்னொரு பத்தி இருக்கா?"

அவள் எப்போதோ உள்ளே ஓடியிருந்தாள். பத்திக்கு முன்னால் மணிச்சத்தம் வந்தது.