சிவப்புப் பொட்டு

விடியாத அரியலூர்ச் சாலையில், காவலர் தேர்வுக்குத் தயாராகும் கீதாஞ்சலி நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு ஓடுகிறாள். விளக்கைச் செய்த கணவன் சுதர்சன், பின்னால் வருகிறவர்களுக்கு அவள் தெரிகிறாளா என்று பார்க்கத் தன் சுண்ணாம்புக்கல் லாரியிலேயே மெதுவாகத் தொடர்கிறான். முன்னால் போன வண்டி கிளப்பிய புழுதி, லாரி வெளிச்சத்தில் வெள்ளைச் சுவராக நிற்கிறது. அதற்குள், அவள் பின்தலையில் அவன் பொருத்திய சிவப்பு விளக்கு மட்டும் பொட்டுப் போலத் துள்ளுகிறது. சட்டென்று அதுவும் மறைகிறது. பிரேக்கை மிதிக்கிறான். பாரம் குலுங்கி நிற்கிறது. புழுதி அடங்கும்போது, பம்பருக்கு ஒரு கை தூரத்தில் அவள் திரும்பி நிற்கிறாள். “ஒன்னயக் காணோம் கீதா.” சுதர்சன் ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறான். “பின்னல் சரிஞ்சு மறைச்சிருச்சுங்க. லைட்ட உச்சிக்கு ஏத்திட்டா சரியாயிடும்.” விளக்குப் பட்டையை மேலே இழுத்துவிட்டு, பின்னலைக் கொண்டையாக முடிகிறாள். “இன்னொரு தடவ வாங்க.” ஓடத் தொடங்குகிறாள். சிவப்பு இப்போது தெளிவாகத் தெரிகிறது. தெரிந்துகொண்டே தூரம் போகிறது. சுதர்சனின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.