சூடு ஏறட்டும்

லாரி மோதித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான் அருளப்பன். அவன் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மரபுத் துணுக்கு ஒன்று இருந்தது. பேர்தான் பெரிசு, ஆள் நூல்பிசிறு. தன் கூட்டம் மளமளவென்று குறைவதை அது பார்த்தது. அக்குளில் இருந்த தெர்மாமீட்டரைக் கூப்பிட்டது.

"அண்ணே, காயத்து வழியாக் கிருமி புகுந்து ரத்தத்துல விஷம் ஏறுது. அப்படி ஏறினா முதல்ல குறையறது எங்காளுங்கதான், இப்பக் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. டாக்டருக்குச் சொல்லுங்க."

"அடிபட்ட உடம்புல ஆளாளுக்குக் கத்தத்தான் செய்வீங்க. சூடு ஏறட்டும், நானே சொல்றேன்."

"அதுவரைக்கும் இவரு தாங்கணுமே, அண்ணே."

"பொடிப்பயலே, எனக்கே வைத்தியம் சொல்றியா?"

அந்நேரம் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க ஊசி வந்தது. தன்னைத் தேடித்தான் வந்ததா என்று பிசிறுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் முண்டியடித்து ஏறிக்கொண்டது.

கிளம்பும்போது பின்னாலிருந்து தெர்மாமீட்டரின் குரல் வந்தது.

"தம்பி, கொஞ்சம் வேகமாப் போ. எனக்கும் இப்பச் சுடுது."