மேட்டு மனை

“கேட்டியா முருகையா? உங்க ஓவர்சியர் ஆயம்மா கால்ல வுழுந்துட்டாராம்! குறி சொல்றாளே, அவ கால்ல!”

மில்லில் ஷிப்டு முடிந்து அசந்துபோய் வந்த முருகையனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஓவர்சியர் கோவிந்தராசுவாவது, சாமியாவது! பொதுப்பணித்துறையில் ரோடு, கட்டடம் என்று பார்த்து ரிட்டையர் ஆன பிறகும் கறுப்புச் சட்டையைக் கழற்றாத மனுஷர். சொந்த மகள் கல்யாணத்துக்கே ஐயரை வாசல்படி மிதிக்க விடாதவர். முருகையனைப் பகுத்தறிவுச் சங்கத்தில் சேர்த்ததே அவர்தான்.

ஆனால் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாராம். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாராம்.

“எல்லாம் ஊருக்குத்தாம்பா உபதேசம்” என்று ஒருத்தன் இழுத்தான்.

முருகையனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு நெல்லித்தோப்புக்கு சைக்கிளை விட்டான்.

கோவிந்தராசு வாசலில் உட்கார்ந்து, வீங்கின முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு இன்னும் முழுசாகப் போகவில்லை.

“நெசமாண்ணே?”

“நெசந்தான்.”

“எதுக்குண்ணே?”

“வயசாயிடுச்சு முருகையா. போ, போயி சாப்புட்டுத் தூங்கு.”

“நாளைக்குக் கூட்டம். நீங்கதான் தலைமை. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவீங்க?”

“பேசல. வேற ஆளப் போட்டுக்குங்க.”

அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம், பாவி மனுஷர். அதுகூட இல்லை. முருகையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இனிமே உங்க வாசப்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளுங்க!” என்று கத்திவிட்டுக் கிளம்பினான். சொன்ன பிறகு வாய் கசந்தது.

கோபமெல்லாம் இப்போது ஆயம்மா மேல் திரும்பியது. அவள் வீடு லாசுப்பேட்டை செம்மண் மேட்டில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. வழியில், மேட்டுச் சரிவின் விளிம்பில், அவனோடு மில்லில் வேலை செய்யும் கலியபெருமாள் வீடு கட்ட அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும் செங்கல்லை உள்பக்கமாகச் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஏம்பா, கடக்கால் தோண்டற நேரத்துல எடத்த மாத்தற?”

“ஆத்தா வாக்குண்ணே! ‘ஓரத்துல கட்டாதடா, மண்ணு வாரிக்கிட்டுப் போவும், உள்ள தள்ளிக் கட்டு’ன்னு ஆயம்மா மேல வந்து நேத்து சொல்லிட்டா. தப்பிச்சோம்!”

“ஓவர்சியர்கிட்ட இடத்தக் காட்டலியா நீ?”

“காட்டாம? அந்த முட்டிய வச்சிக்கிட்டு எத்தன தடவ ஏறி எறங்கினாரு! ‘கீழ கிராவல் தோண்டிப் பொந்தாக்கிட்டானுங்க, வெடிப்புல கைய வுட்டா முழங்கை வரைக்கும் போவுது, ஐப்பசி மழை தாங்காது’ன்னு தலதலயா அடிச்சிக்கிட்டாரு. எம் பொண்டாட்டிதான், ‘பூமி பூசையே வேணாங்கற ஆளு பேச்சக் கேட்டா வூடு வெளங்குமா’ன்னா. அதான் வுட்டுட்டோம்.”

முருகையன் தலையில் அடித்துக்கொண்டான். மண்ணைத் தொட்டுப் பார்த்தவர் சொன்னால் கேட்கமாட்டார்கள், மஞ்சத் தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆடுகிறவள் சொன்னால் கேட்பார்கள்! சரி, இவர்கள்தான் இப்படி. சொன்னவரே போய் அவள் காலில் விழுந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆயம்மா வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஓவர்சியருக்கு என்னாடி மருந்து வச்ச?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மெதுவாப் பேசுங்க. கலியபெருமாளுக்குக் கேட்டுடுச்சுன்னா மறுபடி ஓரத்துக்கே போயிடுவான்.”

“என்னா சொல்ற நீ?”

“முந்தாநேத்து வந்தாரு உங்க ஓவர்சியரு. திட்டத்தான் வந்துட்டாருன்னு கதவச் சாத்தப் போனேன். கதவப் புடிச்சிக்கிட்டு அழுவறாரு மனுசன். ‘நான் சொல்லிக் கேக்கல. நீ சொன்னா கேப்பாங்க. மழை வர்றதுக்குள்ள சொல்லிடும்மா, நாலு புள்ளைங்க’ன்னு.”

முருகையன் சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“எம் பேச்சு மட்டும் எங்க எடுபடுது? என்னைப் பொய்க்காரின்னு நீங்கதான் ஊரு ஊரா மைக் கட்டிப் பேசி வச்சிருக்கீங்களே! அதயே சொன்னேன். ‘நீங்க ஊரு பாக்க வந்து எங் கால்ல வுழுந்தாத்தான் இவன் நம்புவான்’னேன். கோவிச்சிக்கிட்டுப் போயிடுவாருன்னுதான் நெனச்சேன்.”

ஆயம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“‘எப்ப வந்து வுழணும்?’னு கேட்டாருங்க.”